சிற்றிலும் தாளும்

பழந்தமிழில் எழுதுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் ஒரே வினைச்சொல்தான். ஓலையில் எழுதினார்கள், சுவரில் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், தோளில் தொய்யில் எழுதினார்கள். இன்று நாம் ஓவியத்துக்குப் பயன்படுத்தும் ‘வரைதல்’ என்ற சொல்லுக்கோ அகப்பாடல்களில் வேறு பொருள். அங்கே வரைதல் என்றால் மணம் செய்துகொள்ளுதல். தலைவன் வரைவான், தலைவி வரைந்துகொள்ளப்படுவாள். ‘வரைவு கடாதல்’ என்ற துறையில் தோழி தலைவனை நெருக்குவது இதற்காகத்தான். எல்லை வகுத்தல், தனக்கென்று வரையறுத்துக்கொள்ளுதல் என்ற பொருளில் பிறந்த சொல் அது.

முதுகலை மாணவியருக்கு அகத்திணை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சொல்லில் நான் நின்றுவிடுவேன். கோடு போடுகிறவர் ஒருவர், கோட்டுக்குள் நிற்பவர் இன்னொருவர். பெண்கள் ஓவியம் வழியாகத் தங்கள் படைப்பாற்றலை வளர்த்துக்கொள்வது பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. வகுப்புகள், பயிலரங்குகள், கோடை முகாம்கள் நடக்கின்றன. அந்தப் பேச்சை இந்தச் சொற்களின் வரலாற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெண்ணுக்குப் படைப்பாற்றல் குறைவு, ஆகவே அதை வளர்க்க வேண்டும் என்பது போலத்தான் அந்தப் பேச்சு தொடங்குகிறது. நம் இலக்கியம் காட்டுவது வேறு. பெண் கோடு போடாத காலமே இல்லை. அவள் போட்ட கோடு எதன்மீது போடப்பட்டது, எவ்வளவு நேரம் நின்றது, யார் பெயரில் நின்றது என்பவைதாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் பரப்பு. சங்கப் பாடல்களில் மிக அதிகமாகப் பேசப்படும் சித்திரம் தொய்யில். சந்தனக் குழம்பால் கொடிபோல மார்பிலும் தோளிலும் எழுதுவது. பெரும்பாலும் எழுதுபவன் தலைவன், எழுதப்படும் பரப்பு தலைவியின் உடல். தொய்யில் அழிந்தால் அது பிரிவின் குறி. நெடுநல்வாடையில் அரசி கட்டிலில் கிடக்கிறாள். மேற்கட்டியில் நிலவும் உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. பிரியாமல் இருக்கும் அந்த இணையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அணிகளைத் துறந்து கிடக்கும் அவளையே புலவர் வண்ணம் தீட்டாத ஓவியத்துக்கு ஒப்பிடுகிறார். ஆக, அவள் ஓவியத்தைப் பார்க்கிறாள். அவளே ஓவியமாகவும் இருக்கிறாள். அந்த அரண்மனையில் அவள் கையில் தூரிகை இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாட்டின் அழகில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நம் கண் பழகியிருக்கும் பழக்கம் இதுதான்: பெண் ஓவியமாக இருப்பது இயல்பு, ஓவியராக இருப்பது விதிவிலக்கு.

விதிவிலக்குகள் உண்டு. மணிமேகலையில் நாடக மகளிர் கற்கும் கலைகளின் நீண்ட பட்டியலில் ஓவியமும் இருக்கிறது. அதற்கென்று ஒரு நூல் இருந்ததையும் காப்பியம் சுட்டுகிறது. முறையாக ஓவியம் பயின்ற பெண்கள் இந்நிலத்தில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்வி யாருக்குத் தரப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குலமகளுக்கு இல்லை, கணிகைக்கு உண்டு. கற்றவள் தன் கலையைப் பிறர் இன்பத்துக்காகவே கற்றாள் என்று சமூகம் சொல்லிவைத்தது. அந்தப் பட்டியலை அறுத்துக்கொண்டு மாதவி வெளியேறுகிறாள். அவள் மகள் அதற்குள் நுழையவே மறுக்கிறாள்.

இன்னொருத்தி சித்திரலேகை. பாகவதக் கதையில் வாணாசுரன் மகள் உஷை கனவில் ஒருவனைக் காண்கிறாள். அவன் யாரென்று தெரியாது. தோழி சித்திரலேகை தேவர், அசுரர், அரசர் என்று ஒவ்வோர் ஆணின் உருவமாக எழுதிக் காட்டிக்கொண்டே போகிறாள், அநிருத்தனின் முகம் வரும்வரை. ஒரு பெண் ஆண்களை வரிசையாக உற்றுப் பார்த்து எழுதுகிறாள், இன்னொரு பெண் தன் விருப்பத்தை அந்தப் படங்களில் தேடுகிறாள். நம் புராணங்களில் பார்வை இப்படித் திரும்பும் இடங்கள் அரிது. கதை அவளைத் தோழியாகவே வைத்து முடித்துக்கொள்கிறது என்பதும் உண்மைதான்.

அடுத்தது காலம். உடலுக்கு அடுத்தபடியாகப் பெண்ணுக்குக் கிடைத்த பரப்பு மணல். ‘கூடல் இழைத்தல்’ நாம் அறிந்ததே. கண்ணை மூடிக்கொண்டு மணலில் சுழி போடுவாள். முனைகள் கூடினால் காதலன் வருவான், கூடாவிட்டால் வரமாட்டான். நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இந்தக் கூடல்தான். அதே நூலின் தொடக்கத்தில் காமனை வேண்டும் பெண் தரையைத் துலக்கி மண்டலமிட்டு, நுண்மணலால் தெருவை அழகு செய்கிறாள். இரண்டாம் பதிகத்தில் சிறுமியர் முதுகு நோவக் கட்டிய மணல்வீட்டை அழிக்க வேண்டாம் என்று கண்ணனைக் கெஞ்சுகிறார்கள்.

இந்தக் கெஞ்சல் பிற்காலத்தில் ஓர் இலக்கண விதியாகவே ஆகிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில். பாட்டுடைத் தலைவன் சிறுமியரின் மணல்வீட்டைக் காலால் அழிக்க வருவான். அழிக்காதே என்று சிறுமியர் பாட வேண்டும். பெண்பால் பிள்ளைத்தமிழில் இதற்கு ஈடாக ஒரு பருவம் கிடையாது. அங்கே சிறுமிக்கு அம்மானை உண்டு, நீராடல் உண்டு, ஊசல் உண்டு. அவள் போய் யார் கட்டியதையும் கலைப்பதில்லை. ஆண் வளர்வதன் ஒரு படியாகவே பெண் படைத்ததை அழிப்பது வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறும்பு என்று ரசிக்கவும் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஓவியப் பயிற்சி பற்றிய ஒரு கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘அம்மா வரைந்த தாளில் பிள்ளை கிறுக்கிவிட்டான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படும் வாக்கியத்தை நீங்கள் கேட்டதில்லையா?

மணலிலிருந்து வாசலுக்கு வருவோம். கோலத்தைப் பற்றி இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒன்று, அது வெறும் வீட்டுவேலை என்பது. மற்றது, அழியும் கலையின் தத்துவம், எறும்புக்கு உணவு, தமிழ்ப் பெண்ணின் அன்றாடத் தியானம் என்று உருகுவது. முதல் பேச்சு பெண்ணின் மூளையைக் காணவில்லை; இரண்டாவது அவள் முதுகு வலியைக் காணவில்லை. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கணிதமாகப் பார்த்தார்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடும் கம்பிக் கோலங்களுக்கு உள்ளே ஓர் இலக்கணம் இருக்கிறது, கணினி அறிவியல் பேசும் வடிவ மொழிகளோடு அதற்கு உறவு இருக்கிறது என்று 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள் என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. ஏட்டுக் கணக்கு தெரியாதவர்கள் என்று எண்ணப்பட்ட பெண்கள் விடியற்காலை இருட்டில் விரலிடுக்கில் மாவை இழையவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு சிக்கலான வடிவம் என்பது அப்போதுதான் ஆய்வேடுகளில் ஏறியது.

ஆனால் கோலத்துக்கு மூன்று கட்டுகள் இருக்கின்றன. எல்லாரும் எல்லா நாளும் போட முடியாது. கணவனை இழந்தவள் போடக் கூடாது, மாதவிலக்கு நாளில் போடக் கூடாது, துக்க வீட்டில் கோலமே கூடாது. துக்கத்தின்போதுதான் மனிதர்களுக்குக் கலை தேவைப்படும். கோலத்துக்கு அங்கே அனுமதி இல்லை. இரண்டாவது, அது வீட்டின் மங்கலத்துக்கான அறிவிப்பு. போட்டவளின் மனநிலைக்கு அதில் இடமில்லை. மூன்றாவது, அது காலையில் போடப்பட்டு மாலைக்குள் மிதிபடும். தன் நேற்றைய கோட்டை இன்று எடுத்துப் பார்த்து, இந்த இடத்தில் கை தடுமாறியிருக்கிறது என்று கண்டுகொள்ள வழியில்லை. திரும்பிப் பார்க்க முடியாத கலையில் திறமை வளரும். ‘நான்’ வளர்வது கடினம். பெண்கள் கோல நோட்டு வைத்துக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து வரைந்து, ஓரத்தில் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று குறித்துவைத்த அந்த நோட்டுகள் நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. தமிழ்ப் பெண்களின் முதல் ஓவியச் சேகரங்கள் அவைதாம். நாம் அவற்றைப் பழைய பேப்பருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அழியும் பரப்பிலிருந்து அழியாத பரப்புக்கு வரும்போது பெண்ணின் கோட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை அறிய பீகாரின் மிதிலைப் பகுதியைப் பார்க்க வேண்டும். மதுபனி ஓவியம் என்று கடைகளில் விற்கப்படுவதன் பிறப்பிடம் அது. அங்கே திருமணத்தின்போது மணமக்கள் அறையின் சுவரில் பெண்கள் தாமரை, மூங்கில், கிளி, மீன், ஆமை என்று எழுதுவது வழக்கம். கோபர் என்று பெயர். 1934 நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்து உட்சுவர்கள் வெளியே தெரிந்தபோதுதான் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் அவை பட்டன. அதுவரை வீட்டுக்குள் பெண்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஓவியம் அது. பிறகு 1966-67 பஞ்சம். புபுல் ஜயகர் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினை வாரியம், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரைத் தாள்களோடு அங்கே அனுப்பியது. சுவரில் எழுதியதைத் தாளில் எழுதுங்கள், விற்றுத் தருகிறோம் என்பதுதான் திட்டம்.

தாள் வந்ததும் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. கோடு வீட்டைவிட்டு வெளியே போனது. அதற்கு விலை வந்தது. அதன் ஓரத்தில் ஒரு பெயர் வந்தது: சீதா தேவி, ஜகதம்பா தேவி, மகாசுந்தரி தேவி, கங்கா தேவி. சடங்குக்கு வெளியே என்ன எழுதுவது என்ற கேள்வியும் அப்போதுதான் பிறந்தது.

அந்தக் கேள்விக்கு கங்கா தேவி சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. 1928இல் பிறந்தவர். பிள்ளை தங்கவில்லை என்று கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொள்ள, வறுமைக்குத் தள்ளப்பட்டவர். மெல்லிய கோடுகளால் இழைக்கும் கச்னி முறையில் தேர்ந்தவர். 1985இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போய்வந்து, அங்கே கண்ட உருளும் ராட்சத ரயிலையும் வாஷிங்டன் நினைவுத் தூணையும் கோபர் எழுதிய அதே கையால் எழுதினார். பின்னர் புற்றுநோய் வந்தது. தில்லியில் சிகிச்சை பெற்ற காலத்தில் தன் நோயையும் மருத்துவமனையையும் ஒரு வரிசை ஓவியங்களாக வரைந்தார். மங்கலத்துக்கென்று பழகிய ஒரு கோடு மங்கலமே இல்லாத இடத்துக்குள் நுழைந்தது. துக்க வீட்டில் கோலம் கூடாது என்ற விதியை வைத்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய மீறல் என்று புரியும். ‘படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ளுதல்’ என்றால் எனக்கு நினைவு வருவது இதுதான். புதிய கை வேண்டியதில்லை. பழகிய கையைப் பழகாத இடத்துக்குக் கொண்டுபோகும் துணிவு வேண்டும்.

அதே வரலாற்றில் சிற்றில் சிதைதலும் இருக்கிறது. தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் கங்கா தேவி நோயோடு எழுதிய கோபர் அறை, அவர் 1991இல் மறைந்த பின்னும் பல ஆண்டுகள் நின்றது. 2015இல் புதுப்பிப்பு வேலையில் அது இல்லாமல் ஆக்கப்பட்டது. அருங்காட்சியகச் சுவரும் வாசல் தரை போலவே நடத்தப்பட்டது.

தாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கவும் இல்லை. முதலில் புகழ்பெற்றவர்கள் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். தலித்துகளான துசாத் சமூகப் பெண்கள், சானோ தேவி போன்றவர்கள், தங்கள் உடலில் குத்திக்கொண்ட பச்சையின் வடிவங்களையே தாளுக்குக் கொண்டுவந்து கோத்னா என்ற தனி முறையை உருவாக்கினார்கள். தங்கள் தோலில் இருந்ததை அவர்களே தாளில் எழுதினார்கள். தொய்யிலுக்கு இதைவிடச் சரியான மறுமொழி இருக்க முடியாது.

துலாரி தேவியின் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. மல்லா என்ற மீனவச் சமூகத்தில் பிறந்தவர். சிறுவயதில் மணமாகி, பெற்ற குழந்தையை இழந்து, தாய்வீடு திரும்பி, வீட்டுவேலை செய்து பிழைத்தவர். வேலைக்குப் போன இடம் மகாசுந்தரி தேவியின் வீடு. அங்கே பார்த்துப் பார்த்து, கேட்டுக் கற்றுக்கொண்டு ஓவியரானார். அவர் தன் வாழ்க்கையைச் சொல்லி, தானே வரைந்த நூலை 2010இல் வெளியிட்டது சென்னையின் தாரா புக்ஸ். 2021இல் பத்மஸ்ரீ. 2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் நாளில் உடுத்தியது துலாரி தேவி வரைந்து தந்த புடவை. செய்திகளில் புடவைதான் பேசப்பட்டது. பாத்திரம் கழுவி முடித்த பின் எஞ்சிய நேரத்தில் ஒரு பெண் தூரிகை பிடித்தாள் என்ற உழைப்பின் கதை, உடையழகுக் குறிப்பாகச் சுருங்கியது. ஓவியம் மறுபடியும் பெண்ணின் உடல்மீது போய் உட்கார்ந்துவிட்டது என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

முறையான கலைக்கல்லூரிக் கல்வி பெற்றவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. பொன்னானிப் பகுதியில் 1940இல் பிறந்த டி. கே. பத்மினி, சென்னை ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கர் காலத்தில் பயின்றவர். நிர்வாணப் பெண்ணுருவங்களைக் கேரளக் காவு, பாம்பு, நிலவு சூழ எழுதியவர். 1969இல் பிரசவத்தில் இறந்தார். வயது முப்பதைக்கூட எட்டவில்லை. சென்னை ஓவிய இயக்கம் பற்றிப் பேசும்போது நாம் ஆண் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்கிறோம். பத்மினி பெயரைச் சொன்னால் மாணவியர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு இன்றைய ஓவிய வகுப்புகளைப் பார்க்கிறேன். மன அழுத்தம் குறையும், ஓய்வு நேரம் பயன்படும், வீட்டுச் சுவருக்கு அழகு சேரும் என்பவை விளம்பர வாக்கியங்கள். மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றிலும் ஓவியம் வேறொன்றுக்கு வேலை செய்கிறது. மனம் அமைதியானால் வீடு அமைதியாகும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களைப் பாருங்கள். கோடுகளை யாரோ முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியே போகாமல் நிரப்புவது நம் வேலை. பெண்ணுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து செய்துவருவதுதானே. களைத்த மனத்துக்கு அது ஆறுதல் தருமென்றால் தரட்டும். அதைப் படைப்பாற்றல் என்று அழைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

என் வகுப்பில் நான் செய்துபார்ப்பவை சில உண்டு. ஒன்று, கூடல் இழைத்தல். இன்றும் ஓவியப் பள்ளிகளில் தாளைப் பார்க்காமல், வரையும் பொருளை மட்டுமே பார்த்துக் கோடிழுக்கும் பயிற்சி தருகிறார்கள். கை கண்ணை நம்பக் கற்றுக்கொள்ளும் பயிற்சி அது. நான் மாணவியரிடம் தங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டே வலது கையால் வரையச் சொல்வேன். முனைகள் கூடாது. விரல் ஓரிடம், மணிக்கட்டு ஓரிடமாகப் போகும். சிரிப்பார்கள். கூடாவிட்டால் யாரும் வராமல் போய்விட மாட்டார்கள், வந்தது உங்கள் கோடு என்பேன். அந்தக் கோணல் கோட்டில்தான் அவர்கள் உண்மையாகப் பார்த்தது இருக்கும். அழகாக வந்த கை, பார்க்காமலே மனப்பாடத்தில் வரைந்த கை.

இன்னொன்று, வீட்டை நினைவிலிருந்து வரைவது. மேலிருந்து பார்ப்பது போல அறைகளைப் போட்டு, யார் எங்கே இருப்பார் என்று குறிக்க வேண்டும். அப்பாவின் நாற்காலி எளிதாக வந்துவிடும். அண்ணனின் அறை வரும். அம்மாவுக்கு எந்த இடத்தைக் குறிப்பது என்று பென்சில் தயங்கும். பலர் அடுப்பைப் போட்டுவிட்டு நிறுத்துவார்கள். ஒருத்தி தனக்கென்று கதவுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். உடை மாற்றும்போது அங்கேதான் நிற்பேன், வேறு இடம் இல்லை என்றாள். பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்று நான் பல பருவங்கள் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு புள்ளி அந்தப் பாடங்கள் அனைத்தையும்விட வகுப்பை நிசப்தமாக்கியது. கவிதை எழுதுகிறவளாக எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொல் தெரிந்த வழியில் ஓடிவிடும். துயரம் என்று எழுதினால் துயரம் முடிந்துவிட்டது போலிருக்கும். கோட்டுக்கு அந்த வசதி கிடையாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் கதவை வரைய முடியாது.

தொடங்குவதற்கு அதிகம் வேண்டியதில்லை. இரண்டு பென்சில், கொஞ்சம் சொரசொரப்பான தாள்; கரித்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கோலம் பழகிய கை உங்களுக்கு இருந்தால், கோடு நடுங்காமல் இழுக்கும் திறமையில் நீங்கள் கலைக்கல்லூரி மாணவருக்குச் சளைத்தவரில்லை. கண்ணெதிரே இருப்பதை வரையுங்கள்: காய்ந்த துணி, தூங்கும் மாமியார், மாத்திரை டப்பா, பேருந்தில் முன்னிருக்கைப் பெண்ணின் பின்னல். மங்கலமில்லாததையும் வரையுங்கள். அழகாக வரவில்லை என்று கிழிக்காதீர்கள். கிழிப்பதற்கு உலகத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி போட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். யாருடைய மகள், யாருடைய மனைவி என்பது வேண்டாம். பிறகு அந்தத் தாள்களைக் கால் படாத இடத்தில், மேசை இழுப்பறையிலோ இரும்புப் பெட்டியிலோ வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். வாசலில் கோலம் போட்ட நம் பாட்டிமார்க்குக் கிடைக்காத வசதி அது.